வெளியிலிருந்து பைதானால் கம்பாசிட்டிங்: பிளெண்டரா, ரிசால்வா, நியூக்கா?

ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கு கேட்லாக் வீடியோ செய்து தரும் ஒரு வேலூர் ஸ்டூடியோவை எடுத்துக்கொள்வோம். டர்ன்டேபிளில் ஷூ சுற்றுகிறது, பின்னால் பச்சைத் துணி. அந்தப் பச்சையை நீக்கி ஷூவை வேறு பின்னணியோடு இணைப்பதுதான் கம்பாசிட்டிங். 40 மாடல், மாடலுக்கு 6 நிறம் என்றால் 240 ரெண்டர் (இறுதிப் படங்களைக் கணக்கிட்டு பைலாக எழுதுவது). இணைப்புக்கான அமைப்பு, அதாவது கம்ப், ஒன்றுதான், உள்ளே போகும் படங்களின் பாதை, நிறம், வெளியே வரும் பைலின் பெயர் மட்டும் மாறும். இதை மவுஸில் செய்தால் நூறாவது ஷூவுக்குள் நிறம் மாறிப்போகும். பட்டியலைப் படித்து பைதானே ஓட்டட்டும்.

பிளெண்டர், ரிசால்வ், நியூக் மூன்றும் கம்பாசிட்டிங் செய்யும் சாப்ட்வேர்கள். எது என்பதற்கு முன் ஒன்றைத் தீர்மானியுங்கள். மூடிக்கிடக்கும் சாப்ட்வேரை ஸ்கிரிப்டே எழுப்பி வேலை வாங்க வேண்டுமா, ஏற்கெனவே திறந்திருக்கும் விண்டோவுக்குக் கட்டளை போக வேண்டுமா? முதல் வகைக்கு பிளெண்டர், இரண்டாவதுக்கு ரிசால்வ்.

பிளெண்டருக்குக் காசு கிடையாது. கமாண்ட் லைனில் சின்ன 'பி' (-b) கொடுத்தால் விண்டோ இல்லாமல் எழும். அடுத்து பிளெண்ட் பைல், பிறகு பெரிய 'பி'யோடு (-P) உங்கள் ஸ்கிரிப்ட். இந்த வரிசை மாறக் கூடாது, ஏனென்றால் ஆப்ஷன்களை அது இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக நிறைவேற்றும். மாடல் எண், நிறம் போன்ற உங்கள் விவரங்களை இரட்டை மைனஸுக்குப் பின்னால் போடுங்கள்.

பெரிய ஆபத்து இது: ஸ்கிரிப்ட் நடுவில் எர்ரர் அடித்தாலும் பிளெண்டர் பூஜ்யம் என்ற வெற்றிக் குறியோடுதான் வெளியே வரும். உங்கள் லூப்பும் எல்லாம் முடிந்தது என்று நம்பி அடுத்த ஷூவுக்குப் போய்விடும். பைதான் எக்ஸிட் கோட் ஆப்ஷனை 1 என்று, ஸ்கிரிப்ட் பெயருக்கு முன்பே கொடுத்தால்தான் தோல்வி வெளியே தெரியும். இன்னொன்று, 5.0-இல் கம்பாசிட்டர் நோட் ட்ரீயை (படத்தில் ஒவ்வொரு வேலை செய்யும் நோடுகளின் இணைப்பை) எடுக்கும் வழியே மாறிவிட்டது. 4.2-க்கு எழுதிய ஸ்கிரிப்ட் அதில் அப்படியே ஓடாது. ஒரு வேலை முடியும்வரை வெர்ஷனை மாற்றாதீர்கள்.

ரிசால்வில் வெளி ஸ்கிரிப்ட் வேண்டுமானால் காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பு கட்டாயம். இலவசப் பதிப்பில் உள்ளே இருக்கும் கன்சோலோடு சரி. பிரிஃபரன்ஸில் சிஸ்டம், ஜெனரல் பக்கம் போய் எக்ஸ்டர்னல் ஸ்கிரிப்டிங்கை லோக்கல் என்று வையுங்கள். ஸ்கிரிப்டிங் ஃபோல்டர், ஃபியூஷன்ஸ்கிரிப்ட் டிஎல்எல், மாட்யூல் ஃபோல்டர் மூன்றுக்கும் என்விரான்மென்ட் வேரியபிள் (பாதையைச் சொல்லும் சிஸ்டம் அமைப்பு) போட்டுவிட்டு டெர்மினலை மூடித் திறக்க வேண்டும்.

பாதை தவறினால் இம்போர்ட் வரியிலேயே எர்ரர் வரும். பதிப்போ லோக்கல் செட்டிங்கோ தவறினால் ரிசால்வ் சத்தம் போடாது, 'நன்' (None, எதுவும் இல்லை) என்று மட்டும் திருப்பித் தரும். அதைச் சோதிக்காமல் அடுத்த வரிக்குப் போனால், சம்பந்தமே இல்லாத இடத்தில் எர்ரர் காட்டும். ரிசால்வ் முழுசாக எழும் முன் ஸ்கிரிப்ட் ஓடினாலும் இதே 'நன்' கதைதான். 5 வினாடி விட்டு விட்டு, 12 தடவை முயலும்படி எழுதுங்கள்.

ரிசால்வின் கம்பாசிட்டிங் பகுதியான ஃபியூஷனில், படத்தைப் படிக்கும் லோடர் நோடைச் சேர்த்தால் பைல் கேட்கும் பெட்டி திறந்து ஸ்கிரிப்ட் அப்படியே நின்றுவிடும். முதலில் கம்பை லாக் செய்து, வேலை முடிந்ததும் அன்லாக் செய்யுங்கள். டூல் பட்டியலின் எண்ணிக்கை 1-இல் தொடங்குவதும் பைதான் பழக்கத்துக்கு இடறும். ரிசால்வ் ஸ்டூடியோ லைசென்ஸிலேயே தனி ஃபியூஷன் ஸ்டூடியோவும் ஓடும். ஷூ மாதிரி வேலைக்கு டைம்லைன் தொல்லை இல்லாத அதுவே மேல்.

நியூக்கின் பைதான் மூன்றிலும் சீரானது, முதிர்ந்தது. சின்ன ஸ்டூடியோவுக்கு இடிப்பது லைசென்ஸ். விண்டோ இல்லாமல் ஓடும் டெர்மினல் மோடு ரெண்டர் லைசென்ஸைத் தேடும். அது இல்லையென்றால் இன்டராக்டிவ் லைசென்ஸைப் பிடிக்க 'ஐ' (-i) சேர்க்க வேண்டும், அப்போது ஆர்ட்டிஸ்ட் இருக்கை ஒன்று போய்விடும். இலவசப் பதிப்பில் ஸ்கிரிப்ட் 10 நோடுக்கு மேல் தொட முடியாது. விண்டோஸ் பாதையின் பின்சாய்வுக் கோடு நியூக்குக்கு ஆகாது, முன்சாய்வாக மாற்றிக் கொடுங்கள். திறந்திருக்கும் நியூக்கோடு பேச வெளியிலிருந்து கட்டளை வாங்கும் சாக்கெட் சர்வரை நீங்களே எழுதினால், வரும் கட்டளையை மெயின் த்ரெட்டுக்கு (நியூக்கின் முதன்மை வேலை ஓட்டத்துக்கு) தள்ளுங்கள். வேறு த்ரெட்டில் நோடைத் தொட்டால் கிராஷ் ஆகும்.

240 ரெண்டருக்கு எங்கள் முதல் கை பிளெண்டர்தான். காட்பாடி வெயிலில் கரன்ட் போகும் மதியங்களை நினைத்து ஓவர்ரைட்டை (இருக்கும் பைலின் மேலேயே எழுதுவதை) அணைத்து வையுங்கள். முடிந்த பிரேம்களை அது தாண்டிப் போகும். ஆனால் கரன்ட் போன நொடியில் பாதி எழுதிய கடைசி பிரேமையும் முடிந்ததாகவே எண்ணிவிடும். மறுபடி ஓட்டும் முன் அந்த ஒரு பைலைக் கையால் அழித்துவிடுங்கள்.