96 ரூபாய் குறைவு: என் ஸ்கூட்டர் இன்சூரன்ஸ், மூன்று வருட அனுபவம்

2025 செப்டம்பர் 22-ஆம் தேதியிலிருந்து 350 சிசி வரைக்குமான இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனதுமே, பாகூரில் இருக்கும் என் சித்தி மகனுக்கு பைக் வாங்கியே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. லைசென்ஸ் எடுத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. போன வாரம் போன் பண்ணினான். "அக்கா, நீ மூணு வருஷமா கடலூர்லேர்ந்து பாண்டிக்கு வண்டியிலயே போய் வர்ற. எந்தக் கம்பெனியில இன்சூரன்ஸ் போட்டா கம்மியா வரும்?"

பதில் சொல்ல ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. "ஏங்க்கா இவ்ளோ கோவமா பேசுற?" என்று கேட்டான். கோபம்தான். அதை ஓரமாக வைத்துவிட்டு எழுத முடியுமா என்று பார்க்கிறேன்.

முதலில் அவனுக்கு இருந்த பயம். புதிதாக ஓட்டுகிறவன், வயது 21, அதனால் பிரீமியம் அதிகம் கேட்பார்களோ என்று. கேட்கமாட்டார்கள். தேர்டு பார்ட்டி, அதாவது நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் பாதிப்புக்கான பாகம், அதன் பிரீமியத்தை நிர்ணயிப்பது அரசாங்கம். அதில் வயதும் பார்ப்பதில்லை, அனுபவமும் பார்ப்பதில்லை. சிசி மட்டும்தான் கணக்கு. 75 சிசிக்கு மேல் 150 வரை வருடத்துக்கு 714 ரூபாய். 150-ஐத் தாண்டி 350 வரை 1,366 ரூபாய். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதே தொகைதான். புது வண்டிக்கு ஐந்து வருடத்துக்கும் சேர்த்து முதலிலேயே கட்டவேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து அப்படித்தான். 150 சிசிக்குள் என்றால் 3,851, அதற்கு மேல் என்றால் 7,365, இரண்டுக்கும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. தம்பி ஆசைப்படுவது 160 சிசி. அந்தப் பத்து சிசிக்காக மட்டும் ஜிஎஸ்டி இல்லாமலே 3,514 ரூபாய் கூடுதலாகக் கட்டப்போகிறான். இன்சூரன்ஸ் குறைவாக வேண்டும் என்றால் வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்க வேண்டும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சையே காணோம்.

புதுச்சேரியின் பிஒய் நம்பரா தமிழ்நாட்டின் டிஎன் நம்பரா என்பதும் இன்சூரன்ஸைப் பொறுத்தவரை பெரிய விஷயமில்லை. ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான பாகம், அதன் கணக்கில் சென்னை மாதிரி பெருநகரங்கள் ஏ மண்டலம். கடலூரும் புதுச்சேரியும் பி மண்டலம்தான். ரோடு டாக்ஸ் வேறு கதை.

ஆக, கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறுவது ஓன் டேமேஜ் பாகத்தில் மட்டும்தான். அங்கே விலையை எப்படிக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்பதை நான் கற்றுக்கொண்டதுதான் இந்த மூன்று வருடக் கதை.

2022 நவம்பரில் 125 சிசி ஸ்கூட்டர் எடுத்தேன். ஓட்டக் கற்றுக்கொண்டது அந்த வருடம்தான். ஷோரூமில் "அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் போட்டாச்சு மேடம், கவலையே படாதீங்க" என்றார்கள். ஐந்து வருடம் என்பது தேர்டு பார்ட்டிக்கு மட்டும், நம் வண்டிக்கான பாதுகாப்பு ஒரே வருடத்தில் முடிந்துவிடும் என்று எனக்குச் சொன்னது கூட வேலை செய்யும் ஒரு அக்கா. என் தெருவிலேயே இது தெரியாமல் மூன்று வருடமாக ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். போலீஸ் பிடித்தால் பிரச்சனை வராது, தேர்டு பார்ட்டி இருக்கிறதே. வண்டி திருடு போனால்தான் தெரியும்.

2023-இல் ஆன்லைனில் ஒரு கம்பெனியில் ரெனியூ பண்ணினேன். அந்தக் கம்பெனியைப் பற்றி நியாயமாகச் சொல்லவேண்டும். பத்தே நிமிடத்தில் பாலிசி கைக்கு வந்தது. கிளெய்ம் போடாத வருடத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் 20 சதவீதத்தை நான் கேட்காமலே கழித்திருந்தார்கள். ஒருமுறை தவளக்குப்பத்தில் பஞ்சர் ஆகி நின்றபோது கூப்பிட்டேன், நாற்பது நிமிடத்தில் ஆள் வந்தார். அரியாங்குப்பத்தில் ஒரு டெம்போ உரசி சைடு மிர்ரர் உடைந்தது. 480 ரூபாய் செலவு. கிளெய்ம் போடவில்லை, போட்டால் போனஸ் போய்விடும். அடுத்த வருடம் அந்த 20 சதவீதம் 25 ஆனது. அந்த ஒரு வருடம் இவர்களைப் பற்றி யார் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொன்னேன்.

2024 நவம்பரில் மறுபடியும் ரெனியூவல். ஜீரோ டெப் போட்டேன். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி எது போனாலும் பாதி விலை நம் தலையில். இன்ஜின் புரொடெக்ட்டும் போட்டேன். 2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. தண்ணீர் புகுந்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசியில் கிடைக்காது என்று தெரிந்துதான் போட்டேன். யோசித்து, கவனமாக, எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஒரே ஒரு வரியைத் தவிர.

அந்த வரி ஐடிவி. வண்டிக்கு இன்றைக்கு இன்ன மதிப்பு என்று பாலிசியில் போடுகிற தொகை. ஸ்க்ரீனில் பிரீமியம் பெரிய எழுத்தில் பச்சையாக இருக்கும். ஐடிவி அதற்குக் கீழே, சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில். என் ஸ்கூட்டரின் பட்டியல் விலை 96,000. வயதுக்கு 30 சதவீதம் கழித்தாலும் 67,200 வரவேண்டும். அவர்களாகவே நிரப்பியிருந்தது 51,000. அதைக் கூட்டிக்கொள்ள அங்கேயே வழி இருந்தது. ஆனால் கூட்டலாம் என்று யாரும் சொல்லவில்லை. "உங்களுக்கான சிறந்த விலை" என்று மட்டும் போட்டிருந்தது. பிற்பாடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 67,200-ஆக வைத்திருந்தால் எனக்கு ஆகியிருக்கக்கூடிய கூடுதல் செலவு, ஜிஎஸ்டி உள்பட, 96 ரூபாய்.

அதே மாதம் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அந்த மழையைக்கூடத் தாங்கிவிட்டோம். எங்கள் பக்கத்தை மூழ்கடித்தது பெண்ணையாறு. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். டிசம்பர் தொடக்கத்தில் கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அம்மாவையும் பிள்ளையையும் மாடிக்கு ஏற்றுவதா வண்டியைப் பார்ப்பதா. மேலேயிருந்து பார்த்தபோது ஸ்கூட்டரின் கண்ணாடிகள் இரண்டும், ஹேண்டில்பாரில் கொஞ்சமும் மட்டும் வெளியே தெரிந்தன.

தண்ணீர் வடிந்ததும் மஞ்சக்குப்பத்திலிருந்து மெக்கானிக் அண்ணன் வந்தார். வாசலிலிருந்தே கத்தினார். "சாவியப் போடாதம்மா! செல்ஃபத் தொடாத!" பக்கத்து வீட்டுக்காரர் அதற்குள் நாலைந்து தடவை செல்ஃப் அடித்துப் பார்த்துவிட்டார். உள்ளே தண்ணீரோடு பிஸ்டன் அசைந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். அப்புறம் கீழே ஒரு பழைய பெயிண்ட் டப்பாவை வைத்து ஆயில் போல்ட்டைத் திருகினார். வந்தது ஆயில் மாதிரியே இல்லை. பால் கலந்த காபி நிறத்தில், கொழகொழவென்று, நுரையோடு இறங்கியது. அதன் பின்னால் தெளிந்த தண்ணீர். விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

உடனே கிளெய்ம் பதிவு பண்ணினேன். ஊரே கிளெய்ம் போட்டிருந்த நேரம், ஆனாலும் மூன்றாம் நாள் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்துவிட்டார். வயசானவர், நல்ல மனிதர். சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்தார். செல்ஃப் அடிக்காமல் வைத்திருந்ததைப் பாராட்டினார். சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் போட்டார்கள். இன்ஜின் ஓவர்ஹால், இசியூ, வயரிங் கிட், மீட்டர், பேட்டரி, பேரிங்குகள், லேபர் எல்லாம் சேர்த்து 39,400 ரூபாய்.

ஜீரோ டெப் இருக்கிறது, இன்ஜின் புரொடெக்ட் இருக்கிறது, வண்டி பழையபடி வந்துவிடும் என்று நிம்மதியாக இருந்தேன். சர்வேயர் போன் பண்ணினார். "மேடம், இது டோட்டல் லாஸ்ல போவுது." ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ரிப்பேர் கிடையாது, ஐடிவியைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்வார்களாம். 51,000-இல் 75 சதவீதம் 38,250. என் எஸ்டிமேட் அதைவிட 1,150 ரூபாய் அதிகம். ஐடிவி 67,200-ஆக இருந்திருந்தால் எல்லை 50,400. என் வண்டி ரிப்பேராகி வீட்டுக்கு வந்திருக்கும்.

கிளெய்ம் போட்ட 24-ஆம் நாள் 50,900 ரூபாய் அக்கவுண்டில் ஏறியது. இருசக்கர வாகனத்துக்கான கட்டாயப் பிடித்தம் 100 ரூபாய், அவ்வளவுதான் கழித்தார்கள். ஒரு ரூபாய்கூட ஏமாற்றவில்லை. பாலிசியில் எழுதியிருந்ததை அப்படியே செய்தார்கள். காசு கட்டிப் போட்ட ஜீரோ டெப்பும் இன்ஜின் புரொடெக்ட்டும் எதற்கும் பயன்படாமல் போயின. 25 சதவீத போனஸும் போனது. அதே மாடல் புது வண்டிக்கு ஆன்ரோடு விலை ஒரு லட்சத்தைத் தாண்டியது. மீதிக்கு லோன் போட்டேன்.

வண்டியை எடுத்துப்போக டாடா ஏஸ் வந்தது. இரண்டு பேர் பலகை வைத்து உருட்டி ஏற்றினார்கள். பெட்டிக்குள் மழைக்கோட்டு இருந்தது ஞாபகம் வந்து ஓடினேன். அதோடு என் எல் போர்டும் இருந்தது, சிவப்பு எழுத்து தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. என் பிள்ளை நம்பர் பிளேட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொண்டுவந்து விட்டுடுவாங்களாம்மா?" என்றான். கடலூருக்கும் பாண்டிக்கும் போய் வந்த பயணம் முழுக்க என்னைச் சுமந்த வண்டி. முள்ளோடை தாண்டி கிருமாம்பாக்கத்தில் லாரிகளுக்கு நடுவே பயம் தெளிந்ததே அதில்தான்.

அதனால் என் முடிவு இது. வேகமாகப் பணம் கொடுத்த கம்பெனி, மரியாதையாகப் பேசிய கம்பெனி, நடுரோட்டில் நின்றபோது ஆள் அனுப்பிய கம்பெனி. நான் இனி அங்கே போகமாட்டேன். கணக்குப் பார்த்தால் ஐந்துக்கு நாலு மார்க் போடவேண்டும், தெரிகிறது. ஆனால் வாங்குகிறவருடைய வண்டி மதிப்பை, கேட்காமலே குறைத்து நிரப்பி, அதைச் சலுகை மாதிரி காட்டுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. எண்ணை மாற்றாமல் விட்டது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். புதிதாக ஓட்ட வருகிற ஒருவருக்கு அது மாற்றக்கூடிய எண் என்று எப்படித் தெரியும்?

புது ஸ்கூட்டருக்கு வேறு கம்பெனியில் போட்டிருக்கிறேன். 300 ரூபாய்க்கு மேல் அதிகம். அவர்களுடைய போன் சீக்கிரம் எடுக்கப்படுவதில்லை, பாலிசி வர இரண்டு நாள் ஆனது. ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் சேர்த்துப் போட்டேன். வண்டி மொத்தமாகப் போனாலும் திருடு போனாலும் பில் விலையே கிடைக்கும். ஐடிவி எவ்வளவு வேண்டும் என்று என்னிடம் கேட்டுத்தான் எழுதினார்கள். எனக்கு அது போதும்.

தம்பிக்கு இன்னும் இரண்டு விஷயம் சொன்னேன். ஓனருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீட்டை, அதே தொகைக்குத் தனியாக விபத்துப் பாலிசி இல்லாதவரை, எடுக்காமல் விடாதே. லைசென்ஸ் இல்லாத நண்பன் யார் கேட்டாலும் சாவியைக் கொடுக்காதே, அவன் கீழே போட்டால் ஓன் டேமேஜில் ஒரு பைசா வராது.

நேற்று ராத்திரி ஷோரூம் கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கடைசியில் 125 சிசிக்கே வந்துவிட்டான். எக்ஸ் ஷோரூம் 92,000. புது வண்டிக்கு 5 சதவீதம் கழித்து ஐடிவி 87,400 இருக்கவேண்டும். பெரிதாக்கிப் பார்த்தேன், 81,000 என்று இருந்தது. அந்த வரியைச் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்றைக்குச் சாயந்திரம் போய் மாற்றி எழுதி வாங்கிவிட்டுத்தான் அட்வான்ஸ் கட்டுவான்.