வாசல் பைப்பு ஒழுகுதா? கடையில் இருக்கும் நாலு வகையில் எது தேறும்

கோலாலம்பூரில் எந்த ஹார்ட்வேர் கடையில் போய் "வாசல் பைப்பு ஒழுகுது" என்றாலும், தவுக்கே (கடை முதலாளி) புதுக் கெப்பாலா பைப்பைத்தான், அதாவது முழுப் பைப்பையும்தான், முதலில் எடுத்து வைப்பார். ஒரு வெள்ளிகூட ஆகாத வாஷரை விற்று அவருக்கு என்ன கிடைக்கும்? ஆனால் பழைய பித்தளைத் திருகு பைப்பு மூடிய பிறகும் வாயில் சொட்டினால், கெட்டுப்போனது பெரும்பாலும் அந்த வாஷர்தான். "கெத்தா (ரப்பர் வாஷர்) மட்டும் போதும், அரை இஞ்ச்" என்று கேளுங்கள். அரை இஞ்ச் என்பது பெயரளவுதான். பைப்பு சுவரில் ஏறும் மரையின் வெளி விட்டத்தை அளந்தால் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் இருக்கும். 26க்கு மேல் இருந்தால் அது முக்கால் இஞ்ச். பழைய வாஷரைக் கையோடு கொண்டுபோனால் இந்தக் கணக்கே வேண்டாம்.

வெளிச்சுவருக்கு எங்கள் முதல் தேர்வு இந்தப் பித்தளைத் திருகு பைப்புதான். பல சுற்றுத் திருக வேண்டும், பார்க்கவும் பழசாகத் தெரியும். ஆனாலும் உள்ளே தேய்கிற ஒவ்வொரு சாமானையும் தனியாக மாற்றலாம். வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். துத்தநாகக் கலவையில் வார்த்து முலாம் பூசியது அதே அளவில் எடை குறைவாக இருக்கும். காந்தம் இரண்டிலும் ஒட்டாது, அதை நம்ப வேண்டாம். முலாம் படாத உட்புறம் மஞ்சளாக இருக்கிறதா, பெட்டியில் ஸ்பான் (தேசிய நீர்ச் சேவை ஆணையம்) அங்கீகாரம் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாஷர் மாற்ற அரை மணி நேரம் போதும். மீட்டர் பக்கத்தில் உள்ள வால்வை அடைத்துவிட்டு, பைப்பைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். பைப்பைப் பாதி திறந்த நிலையிலேயே வைத்துக் கைப்பிடியைக் கழற்றுங்கள். இறுக மூடியிருந்தால் தலைப்பகுதி லேசில் வராது. தலை நட்டை ஸ்பேனரால் திருப்பும்போது, பைப்பின் உடம்பைத் துணி சுற்றி இன்னொரு ஸ்பேனரால் பிடித்தே ஆக வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். உடம்பும் சேர்ந்து திரும்பினால் சுவருக்குள் இருக்கும் எல்போ (வளைவு இணைப்பு) விரிசல் விடும். பிறகு வாஷர் வேலை சுவரை உடைக்கிற வேலையாகிவிடும்.

பழைய வாஷரில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால், யாரோ பலம் கொண்ட மட்டும் இறுக்கி மூடியிருக்கிறார்கள். கடை மூடிய நேரமென்றால் அதையே புரட்டிப் போட்டு ஓரிரு நாள் ஓட்டலாம். புதியதைப் போடுமுன், அது உட்காரும் பித்தளை விளிம்பை (சீட்) விரல்நுனியால் சுற்றித் தடவுங்கள். நகத்தில் தட்டும்படி பள்ளம் இருந்தால் எந்த வாஷரும் அங்கே நிலைக்காது. சீட் தேய்க்கும் கருவி கிடைத்தால் நாலைந்து சுற்றுத் தேய்த்துச் சமமாக்குங்கள். இல்லையென்றால் பைப்பையே மாற்றுவதுதான் நியாயம்.

மூடியிருக்கும்போது சொட்டாமல், திறந்தால் மட்டும் கைப்பிடிக்கு அடியில் கசிகிறதா? அது வாஷர் கோளாறு இல்லை. தண்டைச் சுற்றியுள்ள கிளாண்ட் நட்டை எட்டில் ஒரு பங்கு சுற்று இறுக்கிப் பாருங்கள். நிற்காவிட்டால் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பைக் கயிறாக முறுக்கித் தண்டைச் சுற்றி அடைத்து, மறுபடி இறுக்குங்கள். ஓ-ரிங் வைத்த மாடலானால் ரிங்கை மாற்ற வேண்டும். ஹோஸ் முனையில் துப்பாக்கி மாதிரி நாசில் மாட்டி, பைப்பைத் திறந்தே விட்டுவிடும் வீடுகளில் இந்தக் கசிவு சீக்கிரம் வரும். நாசில் மூடியிருக்கையில் முழு அழுத்தமும் தண்டிலும் ஹோஸ் இணைப்பிலும்தான் விழுகிறது.

கால் சுற்றில் திறக்கும் செராமிக் வகை அடுப்படிக்கு அருமை; வெளியில் வைக்கச் சொல்ல மாட்டோம். பெரும்பாலான தரை வீடுகளில் வாசல் பைப்பு தொட்டிக்குப் போகாமல் நேராக மெயின் லைனில் இருக்கிறது. தண்ணீர்த் தடை முடிந்து வரும் மண்ணும் துருவும் முதலில் இதற்குள்தான் நுழையும். ரப்பர் வாஷரானால் மணல் அதில் புதைந்துவிடும், செராமிக் தகட்டில் கீறல் போடும். அந்தத் தகடுகள் அடங்கிய காட்ரிட்ஜ் எல்லாப் பிராண்டுக்கும் பொதுவும் இல்லை. கைப்பிடி மாட்டும் தண்டின் பல் எண்ணிக்கை 20 அல்லது 24 என்று மாறும், நீளமும் மாறும். மலிவான மாடல்களுக்குத் தனிக் காட்ரிட்ஜ் கிடைப்பது அரிது. ஏற்கெனவே மாட்டியிருந்தால், தடைக்குப் பின் நாசிலைக் கழற்றி முழுதாகத் திறந்து, தண்ணீர் தெளியும்வரை ஓடவிடுங்கள்.

நெம்புகோல் பால் வால்வு பைப்பு சட்டென்று மூடும், வாளி பிடிக்க வசதி. ஒழுக ஆரம்பித்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். பினாங்கில் தஞ்சோங் தோக்கோங், பத்து பெரிங்கி பக்கம் கடற்காற்றில் அதன் கைப்பிடி நட்டு முதலில் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் பைப்பு துருப்பிடிக்காது, ஆனால் வெயிலில் காய்ந்து நொறுங்கும். வாடகை வீட்டில் அவசரத்துக்குச் சரி.

எதை வாங்கினாலும் இன்றே மாற்ற முடியாமல் அடியில் வாளி வைத்தால், தினமும் கவிழ்த்துவிடுங்கள். ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஏடிஸ் முட்டை கொசுவாகிவிடும்.

புதுப் பைப்பு மாட்டும்போது மரை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, வெள்ளை டேப்பை வலஞ்சுழியாகப் பத்துப் பன்னிரண்டு சுற்று இழுத்துச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகத் திருக டேப் பிரிந்து வெளியே வந்துவிடும். வாய் கீழ்நோக்கி வரும்போது நிறுத்துங்கள். தாண்டிப் போய்விட்டால் பின்னால் திருப்பிச் சரிசெய்யக் கூடாது, அந்த இடத்திலேயே கசியும். முழுதும் கழற்றி, டேப்பை உரித்து, இரண்டு சுற்று கூடுதலாகப் போட்டு மறுபடி மாட்டுங்கள்.