குளம் நிறையத் தண்ணீர், குழாயில் காற்று: நெம்மேலியில் ஒரு மார்கழி வாடகை வீடு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் குளிர்காலத்துக்கு வீடு எடுக்கப் போகிறவர்கள், அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிடுங்கள். படுக்கையறை எத்தனை, ஏசி எத்தனை, கடல் எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுவார்கள். தண்ணீரைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. சென்னைக்குத் தெற்கே நெம்மேலிக்குப் பக்கத்தில் நாங்கள் எடுத்த வீட்டில் பட்ட பாட்டை எழுதாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

விமானம், குடியேற்றச் சோதனை, கார் எல்லாம் ஒழுங்காக நடந்தன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

மந்தைவெளியில் பாட்டி வீடு இருந்த காலத்தில் மார்கழிக்கு வந்தால் எங்கே தங்குவது என்ற கேள்வியே எழுந்ததில்லை. கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துவிடுவார்கள். விடியுமுன் வாசலில் கோலம், கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, இலைக் கிண்ணத்தில் வெண்பொங்கல். இன்று அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. தம்பி வீட்டில் அவன் குடும்பத்துக்கே இடம் போதவில்லை. டொரன்டோவிலிருந்து நாங்கள், சிங்கப்பூரிலிருந்து தங்கை குடும்பம், எல்லோருக்கும் நடுவில் அம்மா. இத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டுமென்றால் கடற்கரை வீடுதான் வழி என்று முடிவு செய்தோம். காலையில் கடல், மாலையில் மயிலாப்பூர் சபாக்கள். போய்வரத் தூரம்தான், ஆனாலும் அம்மா ஆசைப்பட்டார்.

வீடு படத்தில் பார்த்தது போலவே இருந்தது. அதில் குறை சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போனார். தலை நிறையச் சீயக்காய் போட்ட பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். போய்க் குழாயைத் திருகினேன். ஒரு சீறல், பழுப்பாக நாலைந்து சொட்டு, பிறகு வெறும் காற்று. அடுத்த குளியலறையிலும் அதே கதை. சமையலறையிலும் அதே. எண்பது வயதைத் தாண்டிய அம்மா ஈரப் புடவையோடு, கண்ணை மூடிக்கொண்டு, கையைச் சுவரில் ஊன்றியபடி நிற்கிறார். குளியலறை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே நீச்சல் குளம். நீல ஓடு பதித்த குளத்தில் தண்ணீர் விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தது. அதன் வடிகட்டி மோட்டார் ஒரு நிமிடம் ஓயாமல் ஓடியது.

குடிப்பதற்கு வாங்கிவைத்திருந்த இருபது லிட்டர் கேன் ஒன்றைக் கவிழ்த்து, இரண்டு பாத்திரத்தில் சூடாக்கி, அம்மாவின் தலையை அலசிவிட்டேன். அலசும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாதான், “விடுடி, இதெல்லாம் நமக்குப் புதுசா?” என்று தேற்றினார்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார். “சம்ப் தொட்டி முழுக்க நிரப்பித்தானே மேடம் சாவி கொடுத்தோம்? அதற்குள் எப்படித் தீர்ந்தது? கொஞ்சம் பார்த்துச் செலவழிக்க வேண்டும். லாரி சொல்லிவிடுகிறேன், காசை நீங்கள் கொடுத்துவிடுங்கள்.” பார்த்துச் செலவழிக்க வேண்டுமாம்! 2003, 2004 வறட்சியில் மந்தைவெளித் தெருவில் லாரிக்காகப் பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நடுச்சாமத்தில் காவல் நின்ற அம்மாவிடம் போய் இதைச் சொல்லச் சொல்லுங்கள். கனடாவில் இத்தனை வருடம் இருந்தும் பல் தேய்க்கும்போது குழாயை மூடிவிட்டுத் தேய்க்கிறவள் நான். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான்.

அன்று லாரி வரவில்லை. வருடக் கடைசி வெள்ளி, சனியில் அந்தச் சாலையிலுள்ள எல்லாப் பண்ணை வீடுகளிலும் விருந்து. நீச்சல் குளத்தை நிரப்ப, விருந்தாளிகளுக்குக் குளியலறை ஓட என்று லாரிகள் முன்கூட்டியே பதிவாகியிருந்தன. நாங்கள் கேன் தண்ணீரில் சமைத்தோம். கழிப்பறைக்கு மட்டும் போர் மோட்டார், அதாவது ஆழ்துளைக் கிணற்று மோட்டார், போட்டார்கள். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை, குழாய் மூக்கெல்லாம் வெள்ளை உப்புப் படிந்திருந்தது. அதில் போட்ட காபி நாக்கில் கரித்தது. அன்றைக்குக் கச்சேரி டிக்கெட் கையில் இருந்தும் போகவில்லை.

லாரி வந்தபோது நள்ளிரவு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா தூக்கத்திலிருந்து எழுந்து டார்ச்சோடு வந்தார். பக்கத்துக் குப்பத்துக்காரர். டிரைவர் குழாயைச் சம்புக்குள் இறக்கப் போனபோது, “இரு தம்பி” என்று தடுத்தார். வால்வை லேசாகத் திறக்கச் சொல்லி, உள்ளங்கையில் பிடித்து, ஒரு வாய் வைத்துப் பார்த்துத் துப்பினார். இரண்டாவது தடவையும் பிடித்து முகர்ந்தார். பிறகுதான், “விடு” என்றார். முன்பு ஒருமுறை உப்புத் தண்ணீரை இறக்கிவிட்டுப் போய்விட்டார்களாம். சம்பைக் காலி செய்து கழுவ அவருக்கு ஒரு பகல் முழுக்கப் பிடித்திருக்கிறது. இத்தனை அக்கறையோடு அந்த வீட்டைக் காப்பாற்றுகிற ஒரே ஆள் அவர்தான். வாடகையில் அவருக்கு எவ்வளவு போய்ச் சேருகிறதோ என்று நினைத்து வருந்தினேன்.

மறுநாள் காலை இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடமாக வந்தார். “பெரியம்மா காபிக்கு வைத்துக்கொள்ளட்டும்” என்றார். குப்பத்து உறைகிணற்றுத் தண்ணீர். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற கிணறு. அம்மா குடித்துவிட்டு, “திருவான்மியூரில் உன் தாத்தா வீட்டுக் கிணறு இப்படித்தான் இருக்கும்” என்றார். இளநீர் போல இருந்தது அந்தத் தண்ணீர்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. திருவான்மியூரிலிருந்து தெற்கே இந்தக் கரை முழுக்க மணல். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும். ஆழம் குறைந்த உறைகிணறு அந்த மேல் தண்ணீரை மட்டும் மொண்டு கொடுக்கும். ஆழமாகப் போர் போட்டு மோட்டாரால் இழுத்தால் நல்ல தண்ணீர் தீர்ந்து, கடல் உள்ளே ஏறி வரும். நாங்கள் இருந்த வீட்டிலும் உறைகிணறு இருந்திருக்கிறது. நீச்சல் குளம் கட்டும்போது மூடிவிட்டார்கள் என்று அக்கா இடத்தைக் காட்டினார். இப்போது அங்கே சாய்வு நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள்.

அந்த வாரத்தில் ஒரு ராத்திரி முழுக்க மழை கொட்டியது. மாடித் தண்ணீர் எங்கே போகிறது என்று காலையில் குடையோடு போய்ப் பார்த்தேன். மொட்டை மாடியிலிருந்து இறங்கிய குழாய் நேராகக் கேட்டுக்கு வெளியே வாயைத் திறந்திருந்தது. தண்ணீர் சாலையில் ஓடிக் கடலுக்குப் போயிற்று. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கியது 2003இல். வடகிழக்குப் பருவமழை பெய்கிற டிசம்பரிலேயே ஒரு வீட்டில் தண்ணீர் இல்லையென்றால் ஏப்ரலில் வருகிறவர்கள் என்ன செய்வார்கள்?

காரில் சிறிது தூரம் போனால் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். நெம்மேலியில் 2013இல் திறந்தது நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கொடுக்கும். 2024 பிப்ரவரியில் திறந்த இரண்டாவது நிலையத்தின் கொள்ளளவு 15 கோடி லிட்டர். அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. மாநகராட்சி எல்லை உத்தண்டியோடு முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே ஊராட்சிகள். நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்பது நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடலையே குடிநீராக்குகிற ஊரில், அடுத்த வீட்டுக்காரர் லாரி டிரைவருக்குப் போன் போட்டுக் கெஞ்சுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

யோசித்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். இந்த வீடுகள் ஓர் இரவுக்கென்று நடத்தப்படுகின்றன. வெள்ளிக்கிழமை சம்பை நிரப்பிவிடுவார்கள். சனிக்கிழமை பிறந்தநாள் கூட்டம் வரும், ஆடிப் பாடிவிட்டு ஞாயிறு மதியம் போய்விடும். தங்குகிறவர்கள் துணி துவைக்க மாட்டார்கள், மூன்று வேளை சமைக்க மாட்டார்கள், எண்ணெய்க் குளியல் கிடையாது. சம்பின் அளவு, கேஸ் சிலிண்டர், பாத்திரம், குப்பை எடுக்கிற நாள் எல்லாமே அந்தக் கணக்குத்தான். வாடகையும் நாள் கணக்கு. சனி, ஞாயிறுக்கு ஒரு விலை, டிசம்பர் 31 இரவுக்குத் தனி விலை. மாத வாடகை என்று கேட்டபோது நாள் வாடகையை முப்பதால் பெருக்கிச் சொன்ன வீட்டுக்காரர்களும் உண்டு. அதே வீட்டை மாதக்கணக்கில் தங்க வரும் குடும்பத்துக்குக் கொடுக்கிறபோது ஒன்றையும் மாற்றுவதில்லை. பணத்தை மட்டும் டாலராக நினைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கனடாக்காரர்கள் பலர் குளிருக்குப் பயந்து ஃபுளோரிடா போய்விடுகிறார்கள். ஒன்டாரியோ மருத்துவக் காப்பீடு கை நழுவாமல் இருக்க, பன்னிரண்டு மாதத்தில் 212 நாள் வரை வெளியே இருக்கலாம் என்று கணக்குப் பார்த்துப் புறப்படுகிறவர்கள். வருடா வருடம் அதே வீடு, மாத வாடகை. கோடையில் நாங்களே ஏரிக்கரைக் காட்டேஜ் எடுப்போம். அங்கேயும் பல இடங்களில் நகராட்சிக் குழாய் கிடையாது. கிணற்றுத் தண்ணீர் அல்லது ஏரித் தண்ணீர்தான். ஆனால் உள்ளே நுழைந்ததும் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குடிக்கலாமா, எத்தனை பேருக்குத் தாங்கும், கழிவுத் தொட்டியில் எதைப் போடக் கூடாது, மோட்டார் நின்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதில் இருக்கும். அந்த ஒரு தாளை எழுத அரசாங்கம் தேவையில்லை, முதலீடு தேவையில்லை. “போர் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீர் லாரியில்தான் வரும். பத்துப் பேர் சமைத்துத் துவைத்துத் தங்கினால் ஒரு லாரி இத்தனை நாள் தாங்கும். அதற்குமேல் இவ்வளவு ஆகும்.” இப்படிச் சொல்லியிருந்தால் முதல் நாளே லாரிக்குச் சொல்லிவைத்திருப்போம். கொடுக்கவும் தயாராகவே இருந்தோம்.

ஆகவே கேளுங்கள். சம்ப் எத்தனை லிட்டர், மாடித் தொட்டி எத்தனை லிட்டர் என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். “தண்ணீர்ப் பிரச்சினையே கிடையாது” என்ற பதிலை ஏற்காதீர்கள், எங்களுக்கும் அதைத்தான் சொன்னார்கள். லாரிக்காரரின் நம்பரை வாங்கிக்கொண்டு நீங்களே பேசிப் பாருங்கள். லாரிச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் ஊரில் இருக்கிற உறவினர் ஒருவரை அனுப்பிச் சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வயதானவர்களோடு வருகிறீர்கள் என்றால் இது எதையும் விட்டுவிடாதீர்கள்.

வீட்டைக் காலி செய்தபோது காப்புத் தொகையிலிருந்து லாரிப் பணத்தைக் கழித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுத்தார்கள். முதல் லாரிக்கான பணத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்று வாதாடினேன். இரண்டு நாள் கழித்துப் பாதி வந்தது. விளம்பரத்தில் தண்ணீர் விவரத்தைச் சேருங்கள் என்று எழுதி அனுப்பியதற்கு இன்றுவரை பதில் இல்லை.

புறப்படுவதற்கு முன் அக்கா எங்களை இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். ஓடு வேய்ந்த பழைய வீடு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. கொல்லையில் உறைகிணறு புழக்கத்தில் இருக்கிறது. மாடி மழைத் தண்ணீரும் அதற்குள்தான் இறங்குகிறது. அம்மா வாளி இறைக்கச் சொல்லிக் குடித்துப் பார்த்தார். ஏசி ஓர் அறையில்தான் உண்டு, நீச்சல் குளம் இல்லை என்றதும் பிள்ளைகள் முகம் சுருங்கியது. அடுத்த மார்கழிக்கு மாத வாடகை பேசி, அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம்.