அலெகெனி பாதையா, கால்வாய்க் கரையா? குழுவாகச் சைக்கிளில் செல்ல எது?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கையும் வாஷிங்டனையும் இணைக்கும் இரண்டு நெடும்பாதைகள் கம்பர்லாந்து ஊரில் சந்திக்கின்றன. இரண்டையும் ஓட்ட விடுமுறை போதாத குழு எதைத் தேர்ந்தெடுப்பது?

'கிரேட் அலெகெனி பாசேஜ்' 240 கி.மீ. பழைய ரயில் தடம் என்பதால் சரிவு மிதமானது. நுணுக்கிய சுண்ணாம்புக்கல் தளத்தில் மழைநீர் விரைவில் வடிந்துவிடும். வேகம் குறைந்தவர்களும் பின்தங்காமல் வருவார்கள். ஆனால் திசை முக்கியம்: பிட்ஸ்பர்க்கிலிருந்து புறப்பட்டால் 729 மீட்டர் உச்சிக்கு மெல்ல ஏறலாம், கம்பர்லாந்திலிருந்து என்றால் முதல் 38 கி.மீ. விடாத ஏற்றம். குளிர்காலத்தில் பிக் சேவேஜ் சுரங்கத்தை மூடிவிடுவார்கள்.

'சி அண்ட் ஓ' (செசபீக் அண்ட் ஒஹாயோ) கால்வாய்க் கரை 297 கி.மீ. 1924 வரை கோவேறு கழுதைகள் படகிழுத்த தடம் இது. ஏற்றம் இல்லாவிட்டாலும் எளிது என்று எண்ண வேண்டாம். மழை விட்ட மறுநாள் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சேறு அப்பிக்கொள்ளும். குச்சியால் சுரண்டினால்தான் சக்கரம் சுழலும். 'பா பா' (Paw Paw) சுரங்கத்தில் ஏறத்தாழ 950 மீட்டர், ஒற்றை நடைவழியில் விளக்கைப் பிடித்தபடி சைக்கிளைத் தள்ளிச் செல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

கால்வாய்க் கரையில் சைக்கிளில் வருவோருக்கான வழியோர முகாம்கள் இலவசம், முன்பதிவு கிடையாது. நான்கு பேருக்கு அது வரம். பன்னிரண்டு பேருக்குப் பெரும் தலைவலி. பெரிய குழுவும் புதியவர்களும் என்றால், தயங்காமல் அலெகெனி பாதையில் ஊருக்கு ஊர் விடுதியை முன்பதிவு செய்துவிடுங்கள்.