கிளிஞ்சலா, கைக்கணினியா?

தொண்டி முதல் மண்டபம் வரையிலான கடலோரத் தொடக்கப் பள்ளிகளில், கையால் செய்து கற்பதா, கைக்கணினியில் கற்பதா என்று தயங்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

செலவு: கிளிஞ்சலுக்கும் கொட்டாங்குச்சிக்கும் பனை ஓலைக்கும் காசு தேவையில்லை. கைக்கணினிக்கு விலையோடு இணையக் கட்டணமும் பழுதுச் செலவும் சேரும்.

நீடித்து உழைத்தல்: உப்புக்காற்று மின்கருவியை அரிக்கும், கிளிஞ்சலை ஒன்றும் செய்யாது.

எண்ணறிவு: இதில் என் மனம் முழுவதும் கிளிஞ்சல் பக்கமே. மூன்று கொட்டாங்குச்சிகளில் பத்துப் பத்தாகக் கிளிஞ்சல் நிரப்பி, உதிரியாக நான்கை வைத்து 34 என்று கண்டுகொண்ட குழந்தை, அதிலிருந்து 8ஐக் கழிக்க உதிரி போதாமல் ஒரு கொட்டாங்குச்சியைத் தானே கவிழ்க்கும்போது, ‘கடன் வாங்குதல்’ என்பதன் பொருளைக் கையாலேயே அறிந்துவிடுகிறது. திரையில் விடை தெரியும். இந்தக் கவிழ்த்தல் நிகழாது. (பவளத் துண்டுகளைப் பொறுக்கச் சொல்லாதீர்கள், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளங்களைக் காக்கிறது.)

காணாததைக் காணல்: மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள் அருகிலேயே இருந்தாலும், கடற்புல் மேயும் ஆவுளியா என்னும் கடற்பசுவைக் குழந்தைகள் நேரில் காண்பது அரிது. அங்கே காணொளிக்கு ஈடில்லை.

ஆகவே, 1 முதல் 3 வரையிலான வகுப்புகளின் எண், எழுத்துப் பயிற்சிக்குக் கிளிஞ்சலையும் ஓலையையும் தேர்ந்தெடுங்கள். 4, 5ஆம் வகுப்புகளின் அறிவியலுக்கும் ஆங்கில உச்சரிப்புக்கும் கைக்கணினி பொருந்தும். ஒரே கருவியை 30 பேர் எட்டிப் பார்க்க வேண்டிய பள்ளியெனில், காணொளியைக் காட்டிய கையோடு ஆவுளியாவைக் களிமண்ணில் செய்யச் சொல்லுங்கள்.