நெளிவு எடுக்கும் ஸ்டாண்ட்: மூன்று வருடப் பாவனைக்குப் பிறகு

அக்கரைப்பற்றிலிருந்து மச்சான் ஒரு படம் அனுப்பிக் கேட்டிருந்தான்: "இதுதானே நீ வச்சிருக்கிறது? விலை நல்லா இறங்கியிருக்கு. எடுக்கவா?" அந்த நேரம் நான் விறாந்தையில் அதே ஸ்டாண்டின் முன்னால் குந்திக்கொண்டு, அதே ஊசியை நாலாவது தடவையாக இறுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது அவனுக்குப் போட்ட பதிலை இங்கே எழுத முடியாது. ஆறுதலாக எழுதிப் பார்க்கிறேன்.

சாமான் என்னவென்று சைக்கிள்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: கோணிப்போன சைக்கிள் சில்லைக் கொழுவிச் சுற்றிப் பார்த்து, கம்பிகளை இறுக்கித் தளர்த்தி நேராக்கும் தாங்கி. பார்க் டூல் போன்ற பெயர்போன ஸ்டாண்டுகளைப் பார்த்துச் செய்த மலிவு உருப்படி. இரண்டு இரும்புக் கால், சில்லைக் கொழுவ வெட்டு, றிம்மின் இரு பக்கமும் ஊசி, அவ்வளவுதான். 2022 இல் 92 ஒக்டேன் பெட்ரோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போய், அதுவும் கிடைக்காமல் நின்றபோது, வளவுக்குள் கறள் பிடித்துக் கிடந்த சைக்கிளெல்லாம் றோட்டுக்கு வந்தது ஞாபகமிருக்கும். எனக்கு இந்தப் பைத்தியம் தொற்றியது அப்போதுதான். அடுத்த வருடம் ஸ்டாண்டை வாங்கினேன். கொடுத்த காசுக்கு நல்ல றிம் இரண்டு எடுத்திருக்கலாம்.

மட்டக்களப்பு கல்லடியில் இருப்பவனுக்கு இந்த வேலை ஓய்வதில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்றில் நிப்பிள், அதாவது சில்லுக் கம்பியை றிம்மில் பிடித்து வைத்திருக்கும் சின்ன நட், கம்பியோடு ஒட்டிப்போகும். சாவி போட்டால் நிப்பிள் திரும்பாமல் கம்பிதான் முறுகும். முதல் நாளே ஒவ்வொரு நிப்பிளுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மறுநாள்தான் தொடுவேன். மாரி வந்தால் குழியெல்லாம் தண்ணீர் நிரம்பிச் சமதரையாகத் தெரியும். அதன்பிறகு எங்கள் ஒழுங்கையில் யாராவது ஒருவர் சில்லைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து படலையில் நிற்பார்.

ஊசிக்கு வருகிறேன். றிம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டுவது அதுதான். அது அசையாமல் நிற்காவிட்டால் மற்ற எதற்கும் அர்த்தமில்லை. இந்த ஸ்டாண்டில் அதைப் பிடித்து வைத்திருப்பது கையால் திருகும் ஒரு சின்ன நட், அதுவும் பெயின்ட் அடித்த தகட்டின் மேல். சில மாதத்தில் பெயின்ட் தேய்ந்து தகடு வழுவழுப்பாகிவிட்டது. அப்புறம் சில்லைச் சுற்றினால், நெளிந்த இடம் ஊசியில் 'சர்க்' என்று உரசும். அந்த உரசலிலேயே ஊசி ஒரு மயிரிழை தள்ளிப் போகும். அடுத்த சுற்றில் சத்தம் இல்லை. ஆகா, நெளிவு எடுபட்டுவிட்டது என்று அடுத்த இடத்துக்குப் போவோம். உண்மையில் விலகிப்போனது ஊசி. இப்படி ஒரு முன்சில்லோடு ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டி, சைக்கிளில் பூட்டிப் பார்த்தால் பிரேக் கட்டைகளுக்கு நடுவில் பழையபடியே ஆடியது.

பழைய டியூபில் வாசர் வெட்டிப் போட்டேன். இரண்டு மாதம் நன்றாகப் பிடித்தது, பிறகு வெக்கையில் காய்ந்து வெடித்துவிட்டது. இப்போது பல்லு வாசர் போட்டிருக்கிறேன். அது பிடிக்கிறது, ஆனால் குறட்டால் இறுக்கினால்தான். கையால் திருக வேண்டிய நட்டுக்குக் குறடு!

சரி, நல்லதையும் சொல்லவேண்டும். இந்த ஸ்டாண்டின் நடு, நடு அல்ல. ஊசிகளுக்குச் சரி நடுவில் றிம்மைக் கொண்டுவந்துவிட்டு, சில்லைக் கழற்றி மறுபக்கமாகத் திருப்பிப் போட்டால் றிம் இரண்டு மில்லிமீற்றர் தள்ளி நிற்கும். திருப்பும்போது பிழை இரட்டிப்பாகத் தெரிவதால் உண்மையான பிழை ஒரு மில்லிமீற்றர். முதலில் கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதனாலேயே ஒவ்வொரு சில்லையும் திருப்பித் திருப்பிப் போட்டு, இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி வரும்வரை பார்க்கப் பழகினேன். அந்தப் பழக்கம் இருந்தால் எவ்வளவு கோணல் ஸ்டாண்டிலும் சில்லு நடுவுக்கு வரும். கியர் உள்ள பின்சில்லுக்கு இது கட்டாயம். பல் இருக்கும் பக்கம் ஹப்பின் (சில்லின் நடுக்குடத்தின்) விளிம்பு உள்ளே தள்ளியிருப்பதால், அந்தப் பக்கக் கம்பிகள் கூடுதல் இறுக்கமாக நின்றால்தான் றிம் நடுவில் நிற்கும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெருவிரலை ஊசியாக்கி நெளிவு எடுக்கிற பழைய கைகள் உண்டு. எனக்கு அந்தக் கை இல்லை.

நேற்று வந்தது அடுத்த வளவுப் பெரியப்பாவின் ராலி சைக்கிள். பழைய இங்கிலீஷ் கணக்கு: முன்னுக்கு 32 கம்பி, பின்னுக்கு 40. பின் அச்சு தடிப்பு, வெட்டில் இறங்கவில்லை. அரம் எடுத்து வெட்டை ராவ ஆரம்பித்தேன்.

"என்ன மனே, சில்ல விட்டுட்டு ஸ்டாண்டத் திருத்துறாய்?"

அவருடையது கம்பிப் பிரேக், கேபிளுக்குப் பதில் இரும்புத் தண்டு இழுக்கும் பழைய வகை. கட்டை றிம்மின் பக்கத்தில் பிடிக்காமல் உள்வளைவில் ஏறிப் பிடிக்கும். அதனால் பக்கவாட்டு ஆட்டத்தைவிட மேல்கீழ்த் துள்ளலைத்தான் முதலில் எடுக்கவேண்டும். ஊசியை அதற்கேற்ற மாதிரி மாற்றி வைக்க இந்த ஸ்டாண்டில் வழி இருக்கிறது, அதை மறுக்கமாட்டேன். துள்ளும் இடத்துக் கம்பிகளை இரு பக்கமும் சமமாகக் கால் திருகு, கால் திருகாக இறுக்கி இருட்டுவதற்குள் முடித்தேன். நடுவில் ஊசி மூன்று தடவை வழுகியது. பெரியப்பா கல்லடிப் பழைய பாலம்வரை ஓடிவிட்டு வந்து, பிரேக் இப்போது உதறவில்லை என்றார்.

மச்சான், வாங்காதே. அந்தக் காசில் உன் நிப்பிளுக்குச் சரியான அளவுச் சாவியை எடு. 3.23, 3.30, 3.45 மில்லிமீற்றர் என்று எல்லாம் கிட்டக்கிட்ட இருக்கும். பெரிய சாவியைப் போட்டால் நிப்பிளின் மூலை மழுங்கிவிடும். சைக்கிளைக் கவிழ்த்து, சில்லைப் பிடித்திருக்கும் போர்க்கில் ஒரு கேபிள் டை (பிளாஸ்டிக் கட்டுப் பட்டி) கட்டி, வாலை றிம்முக்குக் கிட்ட வரும்படி வெட்டிவிடு. அது வழுகாது. ஆசை விடவில்லை என்றால் முதலில் பின் அச்சின் தடிப்பை அளந்து பார். பல்லு வாசர் என்னிடம் நாலு மிச்சம் இருக்கு, இந்தப் பக்கம் வந்தால் எடுத்துப் போ.