வாசிப்பு வகுப்பு பலன் தந்ததா? அளக்கும் மூன்று வழிகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள 28 தமிழ்ப்பள்ளிகளில் சிலவற்றில் மாலை நேர வாசிப்பு வகுப்பு நடத்தப் பணம் திரட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில், அந்த வகுப்பு இல்லாவிட்டால் இதே பிள்ளைகள் எந்த நிலையில் இருந்திருப்பார்கள் என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

எளிய வழி, தொடக்கத்தில் ஒரு சோதனை, முடிவில் ஒரு சோதனை. பெரும்பாலான அறிக்கைகள் இதோடு நின்றுவிடுகின்றன. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை பள்ளிக்குப் போனாலே ஓராண்டில் வளரும். தமிழ்நாட்டில் கொரோனாக் காலக் கற்றல் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் ஈடாகிவிட்டது. அந்த மீட்சியில், தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்த 'இல்லம் தேடிக் கல்வி' என்ற அரசுத் திட்டத்தின் பங்கு சுமார் 24 விழுக்காடு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அது நல்ல பலன்தான். முன்னும் பின்னும் மட்டும் பார்த்திருந்தால் முழுப் பெருமையும் திட்டத்துக்கே போயிருக்கும்.

அக்கம்பக்கத்துப் பள்ளியோடு ஒப்பிடுவது அடுத்த வழி. திட்டத்தை முதலில் கேட்டு வாங்குவது துடிப்பான தலைமையாசிரியர் உள்ள பள்ளி. அது எப்படியும் முன்னேறியிருக்கும். ஆகவே மதிப்பெண்ணை ஒப்பிடாமல் வளர்ச்சி வேகத்தை ஒப்பிட வேண்டும். அதற்குப் பல ஆண்டுப் பொது மதிப்பெண்கள் தேவை. மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். பொதுத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டதோடு அந்தப் பொது அளவுகோல் போய்விட்டது. வகுப்பறை மதிப்பீடு ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும்.

என் தேர்வு குலுக்கல்: யாருக்கு வகுப்பு என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்து, இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிடுவது. "பிள்ளைகளை வைத்துச் சோதனையா?" என்று பெற்றோர் கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஆனால் இடம் எப்படியும் எல்லாருக்கும் போதாது. தெரிந்தவர் பிள்ளைக்கு முதலிடம் என்பதைவிடச் சீட்டு எடுப்பது நேர்மையானது. விடுபட்டவர்களுக்கு அடுத்த ஆண்டு வகுப்பு. மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் துணை ஆசிரியர் திட்டத்தைப் பொருளியல் ஆய்வாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் குலுக்கல் முறையில்தான் அளந்தார்கள். கென்யாவில் இலவசப் பாடநூல்களைச் சோதித்தபோது ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களுக்கே பலன் கிடைத்தது. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பலருக்கு அது மூன்றாவது மொழி. மும்மொழி சுமக்கும் நம் பிள்ளைகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். சராசரியை மட்டும் பார்க்காமல் கடைசி வரிசையைத் தனியாகப் பாருங்கள்.

குலுக்கலைப் பள்ளி அளவில் செய்யாதீர்கள். 28 பள்ளிகளையும் வகுப்பு உள்ளவை, இல்லாதவை என்று பிரித்தாலும் தலா பதினான்குதான்; ஓரிரு பள்ளிகளில் தலைமையாசிரியர் மாறினாலே கணக்கு ஆட்டம் காணும். ஒவ்வொரு பள்ளிக்குள்ளும் பிள்ளைகளிடையே செய்யுங்கள். வகுப்புக்குப் போகும் அக்காள், குலுக்கலில் விடுபட்ட தம்பிக்கு வீட்டில் சொல்லிக்கொடுப்பாள். பலன் சற்றுக் குறைவாகத் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எந்த வழியானாலும் சோதிப்பவர் வெளியாளாக இருக்கட்டும், பத்தி புதியதாக இருக்கட்டும். இரண்டாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி ஒரு பக்கத்தைத் தடையின்றி ஒப்பிப்பதைப் பார்த்திருக்கிறேன்; விரல் வேறு வரியில் இருந்தது. மற்ற வரிகளைத் தாளால் மூடி, நடுவிலிருந்த 'குளம்' என்ற சொல்லைக் காட்டியதும் வாய் அடைத்துப்போனாள். எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிப்படியாகத் தனியே உட்கார வைத்துக் கேட்டால் ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும்.

வகுப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்ட பள்ளிகளில் குலுக்கலுக்கு வழியில்லை. அங்கே காத்திருப்போர் பட்டியலில் உள்ள பிள்ளைகளையும் இதே சோதனைத்தாளால் இன்றே சோதித்து வையுங்கள்.